தேயிலை உலையும் தீத்தின்னா உலோகமும்

மலைநாட்டுத் தேயிலை என்றவுடன் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவன பசுமை போர்த்த மலைச்சரிவுகளும், அவற்றின்மேல் தவழும் பனிமூட்டமும், முதுகிற் கூடை தாங்கி நிரை நிரையாய் நின்று கொழுந்து கிள்ளும் பெண்களுமே. நுவரெலியாவிலிருந்து ஹட்டன் வரை நீளும் பாதையிற் செல்வோர் இக்காட்சியைக் கண்டு களிப்பர். அதே பாதையில், தோட்டங்களின் நடுவே பல மாடிகளுடன் உயர்ந்து நிற்கும் தேயிலைத் தொழிற்சாலைகளையும் அவர்கள் காண்பர். தோட்டத்து மக்கள் இவற்றை 'ஸ்டோர்' என்றே வழங்குவர். அதன் பக்கத்தில் ஒரு புகைபோக்கி நிற்கும். அப்புகைபோக்கியின் அடியில் ஓர் உலை எரியும். மலைச்சரிவில் நாள் முழுவதும் பறித்த கொழுந்தின் பெறுமதி, முடிவில் அந்த உலையின் முன்னேதான் தீர்மானிக்கப்படுகிறது.

பறித்த கொழுந்தில் நான்கில் மூன்று பங்கு நீரேயாகும். அதனை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்த பின்னரும் பாதிக்கு மேல் நீர் எஞ்சி நிற்கும். கடைசிக் கட்டமாகிய உலர்த்தலின்போது, ஏறக்குறைய 20 நிமிட நேரத்தில், அந்த நீர் 3 விழுக்காடு அளவுக்குக் குறைக்கப்படுகிறது. உலர்த்தும் காற்று உட்புகும்போது 90 முதல் 100 பாகை செல்சியஸ் வெப்பமும், வெளியேறும்போது 50 முதல் 55 பாகை வெப்பமும் கொண்டிருத்தல் வேண்டும். வெப்பம் குறைந்தால் இலை தன் நீரிலேயே வெந்து சாரமிழக்கும். மிகுந்தாலோ, புறத்தே காய்ந்து அகத்தே ஈரம் தங்கும். இவை இரண்டினும் கொடியது புகை. தேயிலை அயல்மணங்களை விரைவிற் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. விறகுப் புகை சிறிதளவு பட்டாலும், கொழும்பிலே சுவைபார்ப்போரின் நாவுக்கு அது உடனே புலப்பட்டுவிடும்.

ஆகவே தேயிலை உலையில் நெருப்பு வேண்டும். அந்நெருப்பின் புகை இலையைத் தீண்டவும் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே நின்று காப்பது சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓர் உலோகச் சுவர். ஒரு பக்கம் தீயும், மறுபக்கம் இலைக்குச் செல்லும் தூய காற்றுமாக நிற்கும் அச்சுவரை எந்த உலோகத்தாற் செய்வது? ஒன்றரை நூற்றாண்டாக மலைநாட்டுத் தொழிற்சாலைகளின் முன் நிற்கும் வினா இதுவாகும்.

தீயோடு பழகுதல் இம்மலைகளுக்குப் புதியதன்று. மத்திய மலைநாட்டின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கிய உலைகளின் சிதைவுகள் கிடைத்துள்ளன. கில் ஜூலெவ் என்னும் தொல்லியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, 1996இல் உலகுக்கு அறிவித்தார். மேற்கு நோக்கிய மலைமுகடுகளில் அமைந்த அவ்வுலைகள் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு எரிந்தன. அவற்றின் சுவர் களிமண்ணால் ஆனது. இரும்பை எடுக்கும்போது முன்சுவர் உடைக்கப்பட்டது. அடுத்த உருக்கலுக்கு மீண்டும் புதிதாய் எழுப்பப்பட்டது. தீ தின்ற சுவரை ஒவ்வொரு முறையும் புதுப்பிப்பதே பண்டையோர் கண்ட வழி. ஆண்டு முழுவதும் நாள்தோறும் எரியவேண்டிய உலைக்கு அவ்வழி பொருந்தாது.

தேயிலையின் கதை இம்மலைகளில் தொடங்கியபோதும் களிமண் அடுப்பே துணை நின்றது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அவருடைய முதல் தொழிற்சாலை அவர் குடியிருந்த பங்களாவின் திண்ணையே. இலைகள் மேசைமேல் கையால் உருட்டப்பட்டன. களிமண் அடுப்புகளில் மரக்கரி கனலவிட்டு, அதன்மேல் கம்பித் தட்டுகளில் இலை பரப்பி உலர்த்தப்பட்டது. 1872 அளவில் அவர் தனியானதொரு தொழிற்சாலையை அமைத்துக்கொண்டார். 1873இல் இலங்கைத் தேயிலை 23 இறாத்தல் இலண்டனுக்குச் சென்றது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்தொழிக்கவே, தோட்டக்காரர்கள் தேயிலையை நோக்கித் திரும்பினர். 1875இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை நிலம், நூற்றாண்டின் முடிவில் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பெருகியது. 1883ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் நாள் கொழும்பிலே முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது.

திண்ணையில் எரிந்த மரக்கரி இத்துணைப் பெருக்கத்தைத் தாங்கவல்லதன்று. மரக்கரிக்குப் புகை குறைவு என்பதாலேயே அக்காலத்தார் அதனை விரும்பினர். கரிக்கனலின் ஆவி பட்டாலன்றித் தேயிலைக்கு மணம் வாராது என்று நம்பியோரும் உளர். ஆனால் கரி சுடுவதற்குக் காடு வேண்டும். ஒரு இறாத்தல் தேயிலையை உலர்த்துதற்கு நல்ல மரம் 8 இறாத்தல் கரியாக்கப்பட்டது என்று, 1935இல் வில்லியம் யூக்கர்ஸ் வெளியிட்ட தேயிலைப் பெருநூல் கணக்குக் கூறுகின்றது. பொறிகள் வந்த பின்னர் அதே வேலைக்குக் கால் இறாத்தல் நிலக்கரி போதியதாயிற்று என்றும் அந்நூல் கூறும். அப்பொறிகள் வாராதிருந்தால், தேயிலை பரவிய வேகத்தில் மலைநாட்டுக் காடுகளின் கதி என்னவாகியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பொறியைத் தந்தவர்களில் முதன்மையானவர் சாமுவேல் டேவிட்சன். 1846இல் அயர்லாந்தின் வடபகுதியிற் பிறந்த அவர், 1864இல் இளைஞராக இந்தியாவின் கச்சார்ப் பகுதித் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றார். அங்கே கரியடுப்பின் வீண்செலவையும் தொழிலாளர் படும் அல்லலையும் நேரிற் கண்டார். தாயகம் திரும்பி, 1881இல் பெல்பாஸ்ட் நகரிலே தம் தொழிற்சாலையை நிறுவினார். சகாராப் பாலைவனத்திலிருந்து வீசும் வெங்காற்றின் பெயரால் தமது உலர்த்திக்கு 'சிரொக்கோ' என்று பெயரிட்டார். இலையைத் தீயின்மேற் காட்டாமல், தீயாற் காற்றைச் சூடாக்கி, அக்காற்றை இலையினூடே செலுத்துவதே அவர் கண்ட உபாயம். அதே காலத்தில் வில்லியம் ஜாக்சன் என்பவர் உருட்டும் பொறிகளையும் உலர்த்திகளையும் வகுத்தளிக்க, இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரிலிருந்த மார்ஷல் நிறுவனம் அவற்றைச் செய்து அனுப்பியது.

பாரமான இப்பொறிகள் மலையேறுவதற்கு வழியும் அப்பொழுதே பிறந்தது. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய வார்ப்பிரும்பு அடுப்புகள் இரயிலேறி மலைநாடு வந்தன. நிலையங்களிலிருந்து தோட்டங்களுக்கு மாட்டுவண்டிகளிலும் மனிதர் தோள்களிலும் சென்றன. தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரைப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரே அவற்றைச் சுமந்தனர். அவர்களே அவற்றை எரிக்கவும் பழகினர். பொறிகளைப் பழுதுபார்க்கவும், பின்னர் இங்கேயே செய்யவும் கொழும்பு வணிகக் கம்பெனி, வாக்கர் கம்பெனி போன்ற நிறுவனங்களின் பட்டறைகள் வளர்ந்தன.

இவ்வுலர்த்தியின் வயிற்றுள் நடப்பது யாது? கீழே தீச்செங்கல் பதித்த எரியறை. அதற்குமேல் நிரை நிரையாகக் குழாய்கள். தீயும் புகையும் குழாய்ச் சுவரின் ஒரு பக்கத்தால் ஓடிப் புகைபோக்கியை அடையும். தூய காற்று மறுபக்கத்தால் ஓடிச் சூடேறி இலையை அடையும். பல பொறிகளிலே விசிறி, உலைக்கும் உலர்த்தும் அறைக்கும் இடையே நின்று காற்றை இழுக்கின்றது. உறிஞ்சும் காற்றுக்கு நல்லது தீயது தெரியாது. குழாயில் ஊசித்துளையளவு ஓட்டை விழுந்தாலும், இணைப்பில் மயிரிழையளவு வெடிப்புத் தோன்றினாலும், அதன்வழியே புகையையும் சேர்த்து இழுத்துவிடும். அன்றைய தேயிலை முழுவதும் புகைநாற்றம் பற்றும். கூடை கூடையாய்ப் பறித்த கொழுந்து, ஏலத்திலே விலையிழந்து நிற்கும்.

அத்துளை எவ்வாறு விழுகின்றது என்பதை அறிய, இரும்பு எவ்வாறு அழிகின்றது என்பதைச் சிறிது ஆராய்தல் வேண்டும். மழையில் நனைந்த மண்வெட்டி துருப்பிடிப்பதை எல்லோரும் அறிவர். அது நீரால் வரும் அழிவு. நெருப்பால் வரும் அழிவு வேறு. பழைய தோசைக்கல்லின் அடிப்புறத்தைச் சுரண்டிப் பார்த்தால், கரிக்கு அடியிலே கருமையான செதில் உதிரும். இரும்பு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து ஆன ஒட்சைட்டே அச்செதில். வெப்பம் ஏறக்குறைய 570 பாகைக்குக் கீழே இருக்கும்வரை இச்செதில் மெல்லியதாகவும் அடர்த்தியாகவும் இருந்து, உள்ளிருக்கும் இரும்பை ஓரளவு காக்கும். அவ்வெல்லையைத் தாண்டியவுடன் வேறு வகையான ஒட்சைட்டுத் தோன்றுகின்றது. அதனூடே இரும்பணுக்கள் எளிதிற் கடந்து வெளிவருவதால், செதில் விரைந்து தடிக்கும், வெடிக்கும், உதிரும். உதிர்ந்த இடத்திற் புதிய இரும்பு தீக்கு இரையாகும்.

வார்ப்பிரும்புக்கு இன்னொரு விந்தையான நோயும் உண்டு. அது வளரும். பலமுறை சூடாகி ஆறிய வார்ப்பிரும்பு அளவிற் பெருப்பதை 1904இல் அமெரிக்கரான அவுட்டர்பிரிட்ஜ் எடுத்துரைத்தார். 1909இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கார்ப்பென்டரும் ருகனும் அதன் காரணத்தை விரிவாக ஆராய்ந்தனர். வார்ப்பிரும்பினுள் கரிமம், காரீயத் தகடுகள்போல இழையோடிக் கிடக்கின்றது. வெப்பம் ஏற ஏற, இரும்போடு சேர்ந்திருந்த கரிமமும் பிரிந்து தகடுகளாகின்றது. அத்தகடுகளின் ஓரமாகத் தீயின் வாயுக்கள் உள்ளே நுழைந்து இரும்பை ஒட்சைட்டாக்குகின்றன. இதனால் உடல் வீங்குகின்றது. வீங்கியது வலுவிழந்து வெடிக்கின்றது. ஆய்வுகூடத்திலே பலமுறை சுட்டாற்றிய கட்டைகள் கன அளவில் மூன்றிலொரு பங்களவும் பெருத்ததுண்டு. நேராய் இருந்த அடுப்புச் சட்டங்கள் சில ஆண்டுகளில் வளைந்து இணைப்புகளைத் தள்ளுவதைத் தொழிற்சாலைக்காரர் கண்டிருந்தனர். அதன் மூலத்தை இவ்வாராய்ச்சிகள் காட்டின.

நோயறிந்த பின் மருந்து தேடல் தொடங்கியது. குரோமியம் கலந்த இரும்பு அமிலங்களை எதிர்க்கும் என்பதை 1821இலேயே பிரெஞ்சு அறிஞர் பியர் பெர்த்தியே கவனித்திருந்தார். ஆயினும் அது பயன்பாட்டுக்கு வர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. 1912இல் ஜெர்மனியின் குரூப் நிறுவனத்தில் ஸ்திராவுஸ், மவுரர் என்போர் குரோமியமும் நிக்கலும் கலந்த உருக்கை உருவாக்கினர். 1913இல் ஷெபீல்ட் நகரின் ஹாரி பிரேர்லி, துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேய்வதைத் தடுக்க வழி தேடுங்கால், 12.8 விழுக்காடு குரோமியம் கலந்த துருவேறா உருக்கைக் கண்டார். இவற்றின் இரகசியம் எளியது. குரோமியம் ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வை ஒன்றை உலோகத்தின்மேல் நெய்கின்றது. போர்வை கீறப்பட்டாலும் உள்ளிருக்கும் குரோமியம் அதனை மீண்டும் நெய்துகொள்ளும். வெப்பம் மிகுதியாயின் குரோமியத்தின் பங்கும் மிகுதியாதல் வேண்டும்.

இவ்வாறு கலப்புலோகங்களின் ஒரு வரிசை பிறந்தது. சாதாரண உருக்கு ஏறக்குறைய 550 பாகை வரை நிலைக்கும். இங்கிலாந்தின் வார்ப்பிரும்பு ஆராய்ச்சிச் சங்கத்தார் 1930களின் தொடக்கத்தில் வெளியிட்ட, 5 முதல் 6 விழுக்காடு சிலிக்கன் கலந்த வார்ப்பிரும்பு, 800 பாகையை அண்மித்த வெப்பத்திலும் வீங்காது நிற்கும். ஆனால் குளிர்ந்த நிலையில் அடிபட்டால் உடையும். 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்ட உருக்கு, திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும் வேலையில் ஏறக்குறைய 870 பாகை வரை தாங்கும். 25 பங்கு குரோமியமும் 20 பங்கு நிக்கலும் கொண்டது ஆயிரம் பாகையைக் கடந்தும் தாங்கும். விலையும் அவ்வரிசையிலேயே ஏறிச்செல்லும்.

அப்படியாயின், விலையுயர்ந்ததை வாங்கிப் பொருத்திவிட்டால் துன்பம் தீராதா என்று நேயர்கள் வினவலாம். தீராது என்பதற்கு மலைநாட்டு உலைகளின் எரிபொருள் வரலாறே சான்றாகும். தொடக்கத்தில் விறகும், இறக்குமதியான நிலக்கரியும் எரிந்தன. பின்னர் உலை எண்ணெய் வந்தது. சாம்பல் அள்ளும் வேலை குறைந்தது. வெப்பத்தைத் திருகுவால்வினால் அடக்கியாள முடிந்தது. ஆனால் அவ்வெண்ணெய் தன்னோடு இரு புதிய பகைவரைக் கொண்டுவந்தது. ஒன்று கந்தகம். காற்றுப் போதாமல் எரியும் தீயிலே கந்தகம் நிக்கலோடு சேர்ந்து, ஏறக்குறைய 645 பாகையிலேயே உருகிவிடும் கூட்டாகின்றது. நிக்கல் மிகுந்த உயர்ந்த உருக்கு, அத்தகைய தீயில் தாழ்ந்த உருக்கைவிட விரைவாகவும் அழியக்கூடும். மற்றையது வனேடியம். எண்ணெயிற் சிற்றளவாயுள்ள இம்மூலகம், எரிந்தபின் ஏறக்குறைய 690 பாகையில் உருகும் ஒட்சைட்டாகின்றது. சோடியம் சேர்ந்தால் அதனினும் குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகிய அச்சாம்பல் உலோகத்தின் போர்வையைக் கரைத்துவிடும்.

1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியபோது, மலைநாட்டுத் தொழிற்சாலைகள் பல மீண்டும் விறகை நாடின. கந்தகமும் வனேடியமும் விலகின. ஆனால் விறகுச் சாம்பலிற் பொட்டாசியம் மிகுதி. அது நீராவியும் ஒட்சிசனும் கூடிய சூழலில் குரோமியப் போர்வையைத் தாக்கி வேறு பொருளாக மாற்றிவிடுகின்றது என்பதை இந்நூற்றாண்டின் ஆராய்ச்சிகள் தெளிவுபடுத்தியுள்ளன. இதனோடு மலைநாட்டுக்கே உரிய மற்றொரு துன்பமும் உண்டு. மழைமாதங்களில் விறகு காய்வதில்லை. ஈரவிறகு எரிகையில் எழும் புகையிலே தாரும் அசற்றிக்கமிலம் போன்ற புளிப்புப் பொருள்களும் நீராவியும் மிகும். புகைபோக்கியை அண்மிய குளிர்ந்த குழாய்களில் அவை வியர்வைபோலப் படிந்து உலோகத்தை அரிக்கும். ஆகவே ஒரே உலையின் ஒரு முனை தீயாலும், மறுமுனை புளித்த நீராலும் அழிகின்றது. ஒரு முனைக்கு ஏற்ற உலோகம் மறுமுனைக்கும் ஏற்றதாகும் என்ற உறுதியில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. பெரிய உருக்காலைகளின் உலைகள் மாதக்கணக்காக அணையாது எரிவன. தேயிலை உலையோ கொழுந்து வரவுக்கேற்ப மூட்டப்படும், அணைக்கப்படும். ஒவ்வொரு மூட்டலிலும் உலோகம் விரிகின்றது. ஒவ்வோர் அணைத்தலிலும் சுருங்குகின்றது. ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண உருக்குக் குழாய், 600 பாகை சூடேறும்போது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளும். நிக்கல் கலந்த துருவேறா உருக்கோ ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் நீளும். பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு, இடைவெளி எதுவும் விடாது அவ்விடத்திற் புதிய உருக்கை இறுகப் பொருத்தினால், அது விரிய இடமின்றி வளையும்; பற்றவைத்த இணைப்பு வெடிக்கும். விரிவு வேறுபாட்டினால் மேலிருக்கும் போர்வையும் உதிரும். எவ்வளவு உயர்ந்த வெப்பம் என்பதோடு, எத்தனை முறை ஏறி இறங்கும் வெப்பம் என்பதும் உலோகத்தின் ஆயுளை அளக்கின்றது.

ஆதலால் அறிவுடைய பொறியாளர் உலை முழுவதற்கும் ஓர் உலோகத்தைத் தேடுவதில்லை. தீ நேரே நாக்கு நீட்டும் எரியறையைத் தீச்செங்கல்லாற் காப்பர். விறகு தாங்கும் சட்டங்களுக்கு, எளிதில் மாற்றத்தக்க, குரோமியமோ சிலிக்கனோ கலந்த வார்ப்பிரும்பைக் கொள்வர். முதல் இரண்டொரு நிரைக் குழாய்களுக்கு மட்டும் உயர்ந்த கலப்புலோகத்தை, அது விரிவதற்கு இடம்விட்டுப் பொருத்துவர். தீ தணிந்து செல்லும் நடுப்பகுதிக்குச் சாதாரண வார்ப்பிரும்போ உருக்கோ போதும். குளிர்ந்த கடைமுனையில், அரிபட்டதைக் கழற்றி மாற்ற வசதி செய்வர். பொருளின் பெருமையை நோக்காது இடத்தின் தேவையை நோக்கிச் செலவிடும் இவ்வொழுங்கு, குடும்பம் நடத்துவோர் நன்கறிந்த சிக்கனமேயாகும்.

இவ்வளவும் அமைந்தபின்னும், உலையின் ஆயுள் ஒருவர் கையில் தங்கியிருக்கின்றது. அவர் உலைக்கு விறகிடும் தொழிலாளி. குழாயின் உட்புறம் ஓடும் காற்றே அதனைக் குளிர்வித்துக் காக்கின்றது. வார்மூலம் சுழலும் விசிறி திடீரென நின்றால், தீ மட்டும் எரிந்துகொண்டிருக்கும். சில நிமிடங்களில் குழாய்கள் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். நீர்ச்சக்கரமும் எண்ணெய் எஞ்சினும் பொறிகளை இயக்கிய காலத்திலும், 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரும், இவ்விடர் முற்றாக நீங்கவில்லை. மின்சாரம் நின்ற கணமே தீயைத் தணிக்கவும் கதவுகளைத் திறந்து வெப்பத்தை வெளியேற்றவும் அறிந்த கைகள், பல குழாய்களைக் காப்பாற்றியுள்ளன.

அக்கைகளுக்கு வழிகாட்டியது கண். இருளிலே இரும்பு ஏறக்குறைய 550 பாகையில் மங்கிய சிவப்பாய் ஒளிரத் தொடங்கும். 750 பாகையை அடைந்தால் செர்ரிப்பழச் சிவப்பாகும். 900ஐத் தாண்டினால் செம்மஞ்சளாகும். குழாய் சிவக்கத் தொடங்கும் வெப்பமும், சாதாரண இரும்பு செதிலுதிர்க்கத் தொடங்கும் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றே என்பது எத்துணை நல்ல தற்செயல்! "குழாய் சிவந்தால் விறகைக் குறை" என்னும் எளிய விதிக்குள் உலோகவியலின் ஒரு பேருண்மை அடங்கிவிடுகின்றது. காய்ந்த விறகைத் தெரிந்தெடுத்தல், சிறிது சிறிதாக இடுதல், குழாய்மேற் படிந்த சாம்பலை உரிய காலத்தில் துடைத்தல், ஆறும் உலைமேல் நீர் ஊற்றாதிருத்தல் ஆகிய இவையெல்லாம் விலையின்றிக் கிடைக்கும் கலப்புலோகங்கள் எனலாம். தொழிற்சாலைப் பொறிகளின் காவலாக ரோதைமுனியை வழிபட்டு, ஆயுதபூசையன்று உலைக்கும் பொட்டிடும் மலைநாட்டு மக்களின் மரபிலே, பொறியை மதித்துப் பேணும் இவ்வுணர்வு பொதிந்திருப்பதைக் காணலாம்.

ஆனால் வழிபாட்டில் தரும் மதிப்பை அறிவிலும் கூலியிலும் உலகம் அவருக்குத் தரவில்லை. தேயிலை வரலாற்று நூல்களிலே டெய்லரின் பெயர் உண்டு. டேவிட்சனின் பெயர் உண்டு. உலை முன்னே இரவெல்லாம் விழித்து நின்றவர்களின் பெயர் இல்லை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. உடைமை மாறிய ஒவ்வொரு காலத்திலும், புதிய குழாய் வாங்குவதா, பழையதை ஒட்டுப்போட்டு ஓட்டுவதா என்னும் கேள்வி எழுந்தது. ஒட்டுப்போட்ட குழாயின் விளைவைக் கணக்கேட்டிலே காண்பவர் பலர். முதலில் மூக்கினால் அறிபவர் அத்தொழிலாளியே.

அண்மைக் காலத்தில் இக்கேள்வி மேலும் கூர்மையடைந்துள்ளது. முன்னர் புகைநாற்றம் விலையைக் குறைத்தது. இன்றோ, புகையின் சுவடு கப்பலையே திருப்பி அனுப்பவல்லது. விறகுப் புகையில் தோன்றக்கூடிய ஆந்திரகுயினோன் என்னும் பொருள், தேயிலையில் ஒரு கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் எல்லை வகுத்துள்ளது. அப்பொருள் தேயிலையிற் சேர்வதற்குப் பல வழிகள் உண்டெனினும், ஓட்டை விழுந்த வெப்பக்குழாய் அவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. நாவுக்கு எட்டாத அளவையும் கருவி கண்டுபிடிக்கும் காலம் இது. ஊசித்துளையை அலட்சியம் செய்த தொழிற்சாலை, தன் சந்தையையே இழக்க நேரிடலாம். அச்சந்தையை நம்பி வாழ்வோர் மலைச்சரிவுகளில் இலட்சக்கணக்கில் உள்ளனர்.

கண்டிக்கு அருகே ஹந்தானையில், பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று 2001 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. முன்னாட் பொறிகள் அங்கே ஓய்ந்து நிற்கின்றன. அவற்றைக் காணச் செல்லும் மாணவர்கள் பெரிய சக்கரங்களின் முன்னே வியந்து நிற்பது இயல்பு. அவர்கள் சற்றே குனிந்து, அடுப்பின் வாயையும் குழாய்களின் சுவரையும் நோக்குவார்களாயின், இன்னுமொரு பாடத்தைக் கற்கலாம். எந்தத் தீயிலும் என்றும் அழியாத உலோகம் இதுவரை செய்யப்படவில்லை. இன்ன தீ, இன்ன சாம்பல், இத்தனை முறை ஏறியிறங்கும் வெப்பம் என்று அறிந்து தெரிந்தெடுத்த உலோகம் நெடுநாள் நிலைக்கும். அதனைக் கண்ணுங் கருத்துமாய்ப் பேணும் கையும் வாய்த்தால் அதனினும் நெடுநாள் நிலைக்கும்.

காலையிற் பனியில் நனைந்து கொழுந்து கிள்ளிய பெண்ணின் ஒருநாள் உழைப்பு, இரவில் அந்த 20 நிமிடத்தைக் கடந்தே தேயிலையாகின்றது. அவளுடைய உழைப்புக்கும் புகைக்கும் இடையே நிற்பது ஒரு மெல்லிய சுவர். அச்சுவருக்கு வேண்டிய செலவைச் செய்வதும், அதனைக் காப்பவருக்கு வேண்டிய அறிவையும் மதிப்பையும் அளிப்பதும், மலைநாட்டுத் தேயிலையாற் பயன்பெறும் அனைவரும் செலுத்தவேண்டிய கடனாகும்.